கரையில் வளர்ந்ததை முதலில் எழுதுங்கள்

கேள்வி: அண்ணே, எனக்கு 27 வயது. ஊர் பாம்பன். அப்பா நாட்டுப்படகு மீனவர், அம்மா பாசி எடுக்கப் போவார். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எஃப்.எஸ்சி. முடித்துவிட்டு, நண்டு இறைச்சி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஐந்து வருடமாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கருவாடு, மீன் ஊறுகாய் போடும் சின்ன யூனிட்களுக்கு லைசென்ஸ், லேபிள், தரம் பற்றி ஆலோசனை சொல்லும் தொழிலைத் தனியாகத் தொடங்க ஆசை. ராமநாதபுரத்தில் வாரம் ஒரு நாள் காலையில் கூடும் பிசினஸ் நெட்வொர்க்கிங் குழுவுக்கு ஒரு தோழி கூப்பிடுகிறாள். சேர்ந்தால் என் பின்னணி, வேலை பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். என்ன எழுதுவது? மீனவர் வீட்டுப் பெண் என்று சொன்னால் மதிப்பார்களா? சந்தாவும் அதிகமாக இருக்கிறது. சேரலாமா, வேண்டாமா?

பதில்:

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. நடுவில் இருப்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மீனவர் வீட்டுப் பெண் என்பதை மறைக்காதீர்கள். முதல் வரியிலேயே எழுதுங்கள். பெருமைக்காகவோ அனுதாபத்துக்காகவோ இதைச் சொல்லவில்லை, தொழிலுக்காகச் சொல்கிறேன். உணவுத் தர ஆலோசகர் என்று கார்டு அடித்து வைத்திருப்பவர்கள் மதுரையிலும் சென்னையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சட்டமும் விதியும் உங்களுக்குத் தெரிந்த அளவு அவர்களுக்கும் தெரியும். ஆனால் காற்று மாறினால் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், நண்டு வரத்து என்ன ஆகும், படகு கரை சேர்ந்த பிறகு வலையிலிருந்து நண்டைக் கழற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் ஐஸ் எங்கே இருக்கிறது, யாரிடம் முன்பணம் வாங்கியதால் யாருக்கு மீன் போகிறது, இதெல்லாம் நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. வீட்டில் சோறு சாப்பிடும்போது காதில் விழுந்தது. வெளியூர் ஆலோசகர் இதைப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

உங்கள் நண்டுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். நீலக்கால் நண்டைக் கரைக்குப் பக்கத்துக் கொட்டகையில் வேகவைத்து, ஆறவைத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பெண்கள் உட்கார்ந்து சின்னக் கத்தியால் ஓடு உடைத்து சதை எடுக்கிறார்கள். அந்தச் சதை தரம் பிரித்து டப்பாவில் அடைத்துப் பாஸ்டுரைஸ் ஆகி அமெரிக்காவுக்குப் போகிறது. வாங்குகிறவர் அதை மறுபடி சமைக்காமல் அப்படியே சாலட்டில் போட்டுச் சாப்பிடலாம் என்பதால்தான் லிஸ்டீரியா என்ற ஒரு பாக்டீரியாவுக்கு இவ்வளவு பயம். ஆபத்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கண்டறிந்து அங்கேயே கட்டுப்படுத்தும் ஹெச்ஏசிசிபி முறை கடல் உணவுக்குக் கட்டாயம் என்ற அமெரிக்க விதி 1997 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இந்தத் தொழிலில் பேச்சே வெப்பநிலையும் சுத்தமும்தான். சரி, ஒரு சாம்பிளில் கிருமி தெரிந்தால் பொதுவாக எங்கே தேடுவார்கள்? தொழிற்சாலைக்குள், மேஜையில், கையுறையில். நீங்கள் கொட்டகைக்குப் போய்ப் பார்ப்பீர்கள்: வெந்த நண்டைக் கொட்டிய தட்டு காலையில் பச்சை நண்டு அள்ளிய தட்டா, ஆறவைத்த இடத்துக்கு மேலே காக்கை உட்காரும் கம்பி இருக்கிறதா, ஐஸ் உடைத்த கட்டை எதன் மேல் கிடந்தது என்று. அங்கே வேலை செய்யும் அக்காமாரிடம் அவர்கள் பேச்சிலேயே கேட்க உங்களால் முடியும். அவர்களும் உங்களிடம் மறைக்க மாட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே ஒரு கம்பெனி உங்களைக் கூப்பிடும்.

அம்மாவின் தொழிலையும் அப்படியே எழுதுங்கள். பாசி எடுப்பது என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள், அதற்குள் ஒரு தொழில் உலகமே இருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் ஆகின்றன, கட்டக்கோரைப் பாசி ஆல்ஜினேட் ஆகிறது, இரண்டுமே உணவைக் கெட்டியாக்கச் சேர்ப்பவை. மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி 45 நாளில் அறுக்கும் கப்பாபைகஸ், நம் கரையில் பெப்சி பாசி என்று எல்லோரும் சொல்வது, கராஜீனன் என்ற அதே மாதிரிப் பொருளாகி ஐஸ்கிரீம் வரைக்கும் போகிறது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் முழுகி எடுக்கும் அம்மாவுக்கு எந்தப் பாசி எந்த மாதம் நன்றாக இருக்கும், எப்படிக் காயவைத்தால் வியாபாரி எடையைக் கழிக்க மாட்டார் என்பது அத்துப்படி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்ற சிக்கலும் அவருக்குத் தெரியும். தொண்டிப் பக்கம் வளமாவூரில் 2023இல் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இந்தக் கரையில் பாசியை உணவாகவும் உரமாகவும் மாற்றும் சின்ன யூனிட்கள் வரத்தான் போகின்றன. அப்போது பாசியைத் தெரிந்த ஒரு தர ஆலோசகர் இங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஒரு பக்கத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட குழுக்களில் புதிதாகச் சேருகிறவரிடம் ஒரு அறிமுகத் தாள் கேட்பது வழக்கம். பிஎன்ஐ என்ற அமைப்பு இதை ஒரு படிவமாகவே வைத்திருக்கிறது: தொழில், எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், இதற்கு முன் பார்த்த வேலைகள், குடும்பம், பொழுதுபோக்கு, உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்று, இப்படிப் போகும். இதோடு இன்னொரு தாளும் உண்டு. அதில் உங்கள் இலக்கு, இதுவரை சாதித்தவை, ஆர்வம், ஏற்கெனவே உள்ள தொடர்புகள், திறமை என ஐந்து தலைப்பு. பலர் முதல் தாளை ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி நிரப்பிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம், அதிலும் தொடர்புகள் என்ற தலைப்பு. உங்கள் கையில் இருக்கும் தொடர்புகளை நீங்களே குறைவாக நினைக்கிறீர்கள். மீன்வளக் கல்லூரியில் உங்களோடு படித்தவர்கள் இன்று மீன்வளத் துறையில், இறால் பண்ணைகளில், தீவனக் கம்பெனிகளில் இருப்பார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அந்த நிலையமே 1947இல் மண்டபத்தில்தான் தொடங்கியது, தலைமையகம் கொச்சிக்குப் போனது 1971இல். 2010இல் கடல்விறாலை இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்கவைத்ததும் அங்கேதான். பயிற்சிக்கோ புராஜெக்டுக்கோ நீங்கள் அங்கே போயிருந்தால் அதை எழுதுங்கள். அம்மாவின் சுய உதவிக்குழு, அப்பாவின் சங்கம், சதை எடுக்கும் பெண்கள், ஐஸ் பிளாண்ட்காரர், இத்தனையும் தொடர்புதான். ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு குளிர்சாதன மெக்கானிக்குக் கரையில் உள்ள ஐஸ் பிளாண்ட்களை அறிமுகப்படுத்த உங்களால் முடியும் என்றால், அந்தக் குழுவுக்குள் நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை.

குடும்ப விவரம், பிள்ளைகள், கல்யாணம் பற்றிய கேள்விகளை விருப்பம் இல்லாவிட்டால் காலியாக விடுங்கள். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டு முகவரி, சொந்த நம்பர் இரண்டையும் அந்தத் தாளில் போட வேண்டாம். தொழிலுக்கென்று தனி நம்பர், தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் வாட்ஸ்அப்பில் எங்கெல்லாம் சுற்றும் என்று யாருக்கும் தெரியாது.

வேலை அனுபவத்தை எழுதும்போது பதவிப் பெயர்களை வரிசையாக அடுக்காதீர்கள். "தரக்கட்டுப்பாட்டு அலுவலராகப் பணியாற்றி வருகிறேன்" என்ற வரியைப் படிக்கும் டைல்ஸ் கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது. நீங்கள் என்ன செய்தால் எது நடக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"பாம்பனில் நாட்டுப்படகு மீனவர் வீட்டில் பிறந்தேன். அம்மா பாசி எடுப்பவர். மீன்வள அறிவியல் படித்தேன். ஐந்து வருடமாக ஏற்றுமதிக்குப் போகும் நண்டு இறைச்சியின் தரத்தைப் பார்க்கிறேன். வேகவைக்கும் கொட்டகையிலிருந்து கன்டெய்னர் ஏறும் வரை எங்கே வெப்பம் ஏறுகிறது, எங்கே சுத்தம் குறைகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது என் வேலை. கருவாடு, மீன் ஊறுகாய், கடற்பாசிப் பொருள் தயாரிக்கும் சின்ன யூனிட்கள் லைசென்ஸ் வாங்கவும், லேபிளைச் சரியாகப் போடவும், வெளியூர்க் கடைகள் திருப்பி அனுப்பாத சரக்கைத் தயாரிக்கவும் உதவப் போகிறேன்."

இதில் பெரிய வார்த்தை எதுவும் இல்லை பாருங்கள். ஆனால் கேட்கிறவர் மனதில் "நம்ம மச்சான் ஒருத்தர் கருவாடு பாக்கெட் போடுகிறாரே" என்று ஒரு முகம் வரும். அறிமுகத் தாளின் வேலை அதோடு முடிந்தது.

வாராவாரம் எழுந்து நின்று பேச ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். அதில் இந்த முழுக் கதையையும் சொல்ல முயலாதீர்கள். ஒரு வாரம் ஒரே ஒரு விஷயம் போதும். ஒரு கருவாட்டு பாக்கெட்டைக் கையில் தூக்கிக் காட்டுங்கள். "இதில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இல்லை. அசைவம் என்பதைக் காட்டும் பழுப்பு முக்கோணம் இல்லை, இன்னும் பழைய வட்டத்தைப் போட்டிருக்கிறார்கள். மீன் ஒவ்வாமை எச்சரிக்கை இல்லை. எடை இருக்கிறது, தயாரித்த தேதி இல்லை. இப்படி ஒரு பாக்கெட்டை உங்கள் தெருக் கடையில் பார்த்தால் தயாரித்தவர் பெயரை எனக்குச் சொல்லுங்கள்." இவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் ஊறுகாய் பாட்டில். அதற்கடுத்த வாரம் கருவாடு காயவைக்கும் தளம், மணலில் கொட்டிக் காயவைப்பதற்கும் உயர்த்திக் கட்டிய வலைப்பந்தலில் காயவைப்பதற்கும் சரக்கில் என்ன வித்தியாசம் என்று இரண்டையும் கொண்டுபோய்க் காட்டலாம். "யாருக்காவது உணவு ஆலோசனை வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் யாரும் ஞாபகம் வர மாட்டார்கள்.

இனி அந்தக் குழு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். சேருவதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

இந்த வகைக் குழுக்களுக்கு வேர் 1905இல் சிகாகோவில் இருக்கிறது. பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் என நான்கு பேர் கூடி ரோட்டரியைத் தொடங்கினார்கள். ஆளாளுக்கு முறைவைத்து ஒவ்வொருவர் அலுவலகத்தில் கூடினார்கள். தொழிலுக்கு ஒருவர் என்ற வழக்கமும் அங்கே வந்ததுதான். ரோட்டரி பிறகு சேவை இயக்கமாக வளர்ந்துவிட்டது. பெண்களை அங்கே முறைப்படி சேர்த்துக்கொள்ள 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் பெண்கள் குறைவாக இருந்தால் நீங்கள் ஏதோ தவறான இடத்துக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தொழில் பரிந்துரைக்காக மட்டுமே கூடும் பிஎன்ஐயை 1985இல் கலிஃபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கினார். வாரம் ஒரு கூட்டம், ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒரே ஆள், ஆறு மாதத்தில் மூன்று கூட்டத்துக்கு மேல் வராமல் இருக்கக் கூடாது, முடியாத நாளில் மாற்று ஆளை அனுப்பலாம், விருந்தினராக இரண்டு முறை வரை வந்து பார்க்கலாம் என்று அதற்கு விதிகள் உண்டு. உங்கள் தோழி கூப்பிடும் குழு எதுவாக இருந்தாலும் ஏறத்தாழ இதே அச்சில்தான் இருக்கும்.

நம் மண்ணுக்கு இது புதிது இல்லை. 1985இல் பிரிவதற்கு முன் விருதுநகரும் சிவகாசியும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அங்கே நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்து, உறவின்முறை என்ற தங்கள் சமூகச் சங்கம் வழியாகப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அந்தச் சமூகத்தின் முயற்சியில் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது, இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி அதுதான். கீழக்கரையில் முத்து, சங்கு வியாபாரக் காலத்திலிருந்து ஒருவர் வெளியூர் போய்க் கடை போட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்வார். நகரத்தாருக்குக் கோயில் வழித் தொடர்பு. இவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுத்தான் வளர்ந்தார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த வாசல்கள் எல்லாம் பிறப்பால் திறப்பவை. பாம்பனில் பிறந்த மீனவர் மகளுக்கு அப்படி ஒரு வியாபார வாசல் கிடையாது. நம் கரையில் சங்கங்கள் இருக்கின்றன, அவை படகுக்காகவும் டீசலுக்காகவும் சிறைப்பட்டவர்களை மீட்கவும் போராடுகின்றன. ஒரு பெண்ணின் ஆலோசனைத் தொழிலுக்கு வாடிக்கையாளர் தேடித் தருவது அவற்றின் வேலை இல்லை. அதனால்தான் சந்தா கட்டினால் யாரும் உட்காரலாம் என்கிற ஒரு மேஜை உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். என் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். பாதிக்கு மேற்பட்டோர் எப்போதாவது பார்ப்போம் என்றார்கள். மீதிப் பேர் பார்ப்பதே அபூர்வம் என்றார்கள். காரணம் எளிது. உங்கள் அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரிந்தது எல்லாம் உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். எட்டத்தில் இருப்பவரிடம்தான் உங்களுக்கு எட்டாத செய்தி இருக்கும். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் உங்களை எல்லோருக்கும் தெரியும், ஆனால் உங்களுக்கு வேலை தரப்போகும் ஆள் ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்.

உங்களுக்கு யார் ஆள் அனுப்புவார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஆடிட்டர் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அவருக்கு முன்னால் அச்சகம் வைத்திருக்கும் பிரஸ்காரர் இருக்கிறார். ஊறுகாய் போடத் தொடங்கும் பெண் முதலில் போவது லேபிள் அடிக்கத்தான். "இந்த 14 இலக்க நம்பரை எங்கே வாங்குவது?" என்று அவள் கேட்பதும் பிரஸ்காரரிடம்தான். தப்பான லேபிளை ஐயாயிரம் அடித்துவிட்டுக் குப்பையில் போடுவது அவருக்கும் தலைவலி. அந்தக் குழுவில் ஒரு பிரஸ்காரர், பாக்கெட் கவர் விற்பவர், கடன் ஆலோசகர், ஒரு ஆடிட்டர், ஒரு குளிர்சாதன மெக்கானிக் இந்த ஐந்து பேரும் இருந்தால் யோசிக்காமல் சேருங்கள். ஒருவர்கூட இல்லை, முழுக்க மனை விற்பவர்களும் இன்சூரன்ஸ்காரர்களும்தான் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

கடன் ஆலோசகரை ஏன் சேர்த்தேன் என்றால், 2020இல் வந்த இரண்டு மத்திய அரசுத் திட்டங்கள் உங்கள் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. மீன்வளத்துக்கான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு மானியம் 60 சதவீதம் வரை, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம். சிறு உணவுத் தொழில்களுக்கான பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். இவற்றுக்கு மனு போடும் சின்ன யூனிட்களுக்கு இயந்திரம் எது, தளம் எப்படி, தண்ணீர் எங்கிருந்து, லைசென்ஸ் என்ன என்று எழுதித் தர ஆள் வேண்டும். வங்கி மேலாளர் நம்பும்படி அதை எழுத உங்களைவிடத் தகுதியானவர் கரையில் யார்?

பரிந்துரை கொடுப்பது, வாங்குவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மொய் மாதிரிதான் அது, முதலில் நாம் செய்திருந்தால்தான் நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து சேரும். முதல் ஆறு மாதம் உங்களுக்கு எதுவும் வராமல் இருக்கலாம், அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் மற்றவர்களை ஒவ்வொருவராகத் தனியே சந்தித்து அவர்கள் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழுவில் உண்மையான பலன் இந்தத் தனிச் சந்திப்பில்தான் இருக்கிறது, காலைக் கூட்டத்தில் இல்லை. அதே சமயம் ஒருவருடைய வேலையை நேரில் பார்க்காமல் அவரை உங்கள் ஊர்க்காரரிடம் அனுப்பாதீர்கள். வாரத்துக்கு இத்தனை பரிந்துரை கொடுக்க வேண்டும் என்று சிலர் நெருக்குவார்கள். எண்ணிக்கைக்காகக் கொடுத்த பரிந்துரையில் ஐஸ் பிளாண்ட்காரர் ஏமாந்தால் கெடுவது கரையில் உங்கள் அப்பா பெயர்.

குழுவுக்குள் யாராவது ஆள் சேர்த்தால் பணம் என்று பேசினால் அந்த மேஜையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் பணத்தைச் சுழற்றும் திட்டங்களை 1978ஆம் வருடத்துச் சட்டமே தடை செய்திருக்கிறது. நல்ல குழுக்களிலும் இப்படி ஓரிருவர் நுழைந்துவிடுகிறார்கள். உறுப்பினர்களுக்குள் கைமாற்றுக் கடனும் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள். வேறு தொழில் செய்யக் கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். இருந்தால் மேலாளரிடம் பேசி எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது வேலையை விட்ட பிறகு சேருங்கள். கம்பெனியின் வெளிநாட்டு வாடிக்கையாளர் பெயர், விலை, ஆய்வக அறிக்கை எதுவும் உங்கள் பேச்சிலோ தாளிலோ வரக் கூடாது. தர ஆலோசகரிடம் ஆட்கள் தங்கள் யூனிட்டின் அழுக்கையெல்லாம் திறந்து காட்டுவார்கள். வாய் காக்கத் தெரியாதவர் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் இந்தத் தொழிலில் மீள முடியாது.

பணத்துக்கு வருவோம். சந்தாவை மட்டும் பார்க்காதீர்கள். அதன் மேல் ஜிஎஸ்டி, வாராவாரம் டிபன் செலவு, பாம்பனிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் வந்து போகிற பஸ் காசு, விடியற்காலையில் கிளம்ப வேண்டிய சிரமம், அன்று அரை நாள் லீவு, எல்லாவற்றையும் கூட்டி ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு சின்ன யூனிட்டுக்கு லைசென்ஸ், லேபிள், பயிற்சி எல்லாம் சேர்த்துச் செய்து கொடுத்தால் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். நான்கைந்து யூனிட் கிடைத்தாலே வருடச் செலவு வந்துவிடும் என்றால் சேருங்கள். பதினைந்து யூனிட் வேண்டும் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். ஆலோசனை போன்ற சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை மட்டும் இப்போதே போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

பொறுப்பது என்று முடிவு செய்தால் அந்த ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். ஜேசிஐ என்ற இளைஞர் அமைப்பு 18 வயதிலிருந்து 40 வரை உள்ளவர்களுக்கானது, அதில் செலவு குறைவு, மேடைப் பயிற்சி கிடைக்கும். பேச்சுப் பயிற்சிக்கென்றே 1924இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களில் சில இணையம் வழியாகவும் நடக்கின்றன, வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். எல்லாவற்றையும்விட உங்கள் ஊரிலேயே கடல் ஓசை 90.4 இருக்கிறது. 2016 முதல் மீனவர்களுக்காக மீனவர்களே பேசும் வானொலி அது. கருவாட்டைச் சுத்தமாகக் காயவைப்பது பற்றி அங்கே பேச வாய்ப்புக் கேளுங்கள். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வரும் நான்கு பெண்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வேலை செய்து கொடுங்கள். பிறகு ராமநாதபுரத்தில் எழுந்து நிற்கும்போது "தொடங்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டியிருக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். நண்டு நாட்டுப்படகிலும் வரும் என்றாலும் கரையில் பரபரப்பு குறைந்திருக்கும், யூனிட்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். பயிற்சி வகுப்பு வைக்கவும், விருந்தினராக அந்தக் குழுவுக்கு இரண்டு முறை போய்ப் பார்க்கவும் அதுவே வசதியான காலம். முதல் முறை போகும்போது பேச வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள், அந்த நன்றி உண்மையில் முடிந்த வியாபாரத்துக்கா, வெறும் அறிமுகத்துக்கா என்று கவனியுங்கள். நான் சொன்ன ஐந்து பேரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.